மூக்கனைக் காணோம்

கோலா கங்சார் பக்கம், பேராக் ஆற்றை ஒட்டின அந்த ரப்பர்த் தோட்டத்தில் இருளாயியைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. குணத்தால் தெரியும், அழகால் தெரியும் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். வாயால் தெரியும். அடேயப்பா, அப்படி ஒரு வாய்! விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் கிராணி மற்றவர்களை எல்லாம் அதட்டித்தான் கூப்பிடுவார். இவள் பேர் வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இருளாயிம்மா வந்தாச்சா?" என்பார். காண்டாக் கம்பில் இரண்டு பால் வாளியையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து மேடு ஏறும்போதுகூட அந்த வாய் ஓயாது. கொசுவைத் திட்டுவாள், மழையைத் திட்டுவாள், பால் வடியாத மரத்தை அதன் பரம்பரையோடு திட்டுவாள். புருஷன் மாயாண்டி பேசத் தெரிந்த மனிதன்தான். பேச இடம் கிடைக்காமலே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டான்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பதினைந்து வருஷமாக வாயைத் திறந்ததில்லை. அந்த விஷயம் அவள் வீட்டுப் பலகைக் கட்டிலுக்கு அடியில், ஒரு பிஸ்கோத்துத் தகரத்துக்குள் இருந்தது. அதன் பேர் மூக்கன்.

மூக்கன் ஒரு துணி யானை. யானை என்று தைத்தவள் சொன்னாள், அவ்வளவுதான். தைத்தவள் இருளாயியின் ஆத்தா காளியம்மா. 1906-இல் புருஷன் இராமசாமியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவள். பெரியவள் நல்லம்மாளுக்கு அப்போது எட்டு வயசு, சின்னவள் இருளாயிக்கு மூன்று. வந்து இறங்கின நாளிலிருந்து பெரியவள் ஒரே அழுகை. ஊர்த் திருவிழாவுக்கு யானை வருமாம், அந்த யானை வேண்டுமாம். "யானைதானே, லயத்து வீடுகளுக்குப் பின்னால காட்டுலேருந்து அதுவே வரும், இரு" என்று அப்பன் சமாதானம் சொல்லப்போய், பிள்ளை பயத்தில் இன்னும் கூட அழுதது. காளியம்மாவும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, கப்பலில் கிழிந்துபோன தன் கண்டாங்கிச் சேலையை வெட்டினாள். ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த இலவ மரத்தடியில் பஞ்சு பொறுக்கிவந்து திணித்தாள். நாலு கால், இரண்டு காது, ஒரு வால் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. தும்பிக்கைக்குத் துணி போதவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தடித்த மூக்குதான் முளைத்தது.

பார்த்தவர்கள் எல்லாம் பன்றிக்குட்டி என்றார்கள். எலி என்றவர்களும் உண்டு. நல்லம்மாள் எவருக்கும் மசியவில்லை. "யானதான். மூக்கு இன்னும் வளரும்" என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

அக்காவும் தங்கச்சியும் ஒரே பாயில் படுப்பார்கள், நடுவில் மூக்கன். அப்பனும் ஆத்தாளும் பால் எடுக்க மரம் வெட்டப் போய்விட்டால் இருளாயிக்கு அக்காதான் ஆத்தா. சோறு ஊட்டும்போது முதல் கவளத்தை மூக்கன் வாயில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் தங்கச்சிக்கு ஊட்டுவாள். அதனால் அந்த யானைக்கு எப்போதும் வாயோரம் பருப்புக் கறை இருக்கும். காய்ச்சல் வந்தால் கொய்னா மருந்தையும் மூக்கன்தான் முதலில் குடிக்க வேண்டும். கசப்புத் தாங்காமல் அது எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தலையை உதறும் என்று அக்கா நடித்துக் காட்டுவாள். இருளாயி விழுந்து விழுந்து சிரிப்பாள், சிரித்த வாயில் மருந்து உள்ளே போய்விடும். யாருடைய யானை என்று கேட்டால் அக்காவுடையது என்றுதான் இருளாயியும் சொல்வாள். தூக்கம் வர வேண்டுமானால் மட்டும் அதன் காது தன் கைக்குள் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் சன்னாசிக் கங்காணியின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தை விட்டு ஓடிப்போகிறவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. அதனால் யாராவது ஈப்போவுக்கோ கோயில் திருவிழாவுக்கோ போய்வரக் கேட்டால், கங்காணி அவர்கள் வீட்டிலிருந்து ஒரு நல்ல பாத்திரத்தை வாங்கித் தன் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டிக்கொள்வார். "ஆளு போவட்டும்யா. சாமான் நம்மகிட்ட இருக்குல்ல? தானா வந்து நிக்கும்" என்பார். அப்பன் எங்கே போய்வந்தாலும் முதலில் கங்காணி வீட்டுக்குப் போய்ப் பித்தளைத் தோண்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். இருளாயி அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். சாமானைக் கொடுத்துவிட்டுப் போன எல்லோரும் வந்துவிட்டார்கள். பாத்திரம் போனால் போகிறது என்று அப்படியே ஓடிப்போனவர்களும் உண்டுதான், அந்தக் கதையைப் பெரியவர்கள் பிள்ளைகள் காதில் போடவில்லை.

நல்லம்மாளுக்குப் பதினாலு வயசு ஆனபோது கங்காணி மூலமாகவே மாப்பிள்ளை அமைந்தது. பாகான் டத்தோவில் தென்னந்தோட்டம், பையன் பேர் பழனியப்பன், மரம் ஏறினால் இறங்கத் தெரியாது என்று பெருமையாகச் சொன்னார்கள். பாகான் டத்தோ எங்கே இருக்கிறது என்று இருளாயி கேட்டாள்.

"ரயிலு ஏறிப் போயி, அப்பறம் படகு ஏறி, கடலு வரைக்கும் போவணும்டி" என்றாள் ஆத்தா.

"அக்கா எப்ப திரும்பி வரும்?"

"வரும், வரும்" என்று காளியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அந்த "வரும், வரும்" போதவில்லை. ஆளை வரவைக்கும் வழியும் அவளுக்குத் தெரியாததல்ல.

தாலி கட்டின மறுநாள் காலை, ரயிலடிக்குப் போக மாட்டு வண்டி வந்து நின்றது. நல்லம்மாளின் துணி மூட்டைக்குள் மூக்கன் இருந்தது. பெரியவர்கள் பலகாரம் தின்றுகொண்டிருந்த நேரம் பார்த்து இருளாயி மூட்டையை அவிழ்த்து, யானையை உருவி, பாவாடைக்குள் செருகிக்கொண்டு ஓடினாள். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் கொட்டகைக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்தது. அதன் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து வண்டி நன்றாகத் தெரிந்தது.

நல்லம்மாள் வெளியே வந்தாள். மூட்டை தளர்ந்து கிடப்பதைப் பார்த்து உள்ளே கையை விட்டாள். பிறகு நாலு பக்கமும் பார்த்தாள், ஆத்தாளிடம் என்னவோ கேட்டாள். திடீரென்று ஓவென்று ஒரு கத்தல்.

"மூக்கனக் காணோம்! ஆத்தா, என் மூக்கனக் காணோம்!"

மாப்பிள்ளை வீட்டார் வெலவெலத்துப் போனார்கள். யாரது மூக்கன்? எந்தப் பயல்? மாமனார்க்காரர் மீசையைத் தடவிக்கொண்டு கங்காணியை ஒரு பார்வை பார்த்தார். துணிப் பொம்மை என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. சரி, பிள்ளை ஆசைப்படுது, தேடிக் கொடுங்க என்றார். காளியம்மா பாயை உதறினாள், அடுப்படியைப் பார்த்தாள், பக்கத்து வீடுகளில் கேட்டாள். நல்லம்மாள் வண்டிச் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறமாட்டேன் என்று நின்றாள். அரை மணி நேரம் ஆனது. ரயில் போயிரும் என்று கங்காணி குதித்தார். கடைசியில் ஆத்தாளே அவள் வாயைப் பொத்தி, "தாலி கட்டுன பொண்ணு இப்படியா ஊரக் கூட்டுவா?" என்று தூக்கி ஏற்றிவிட்டாள்.

விறகு இடுக்கில் இருளாயி யானையின் காதைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று தடவை எழுந்துவிடப் பார்த்தாள். ஆனால் இப்போது கொடுத்துவிட்டால் அக்கா போனது போனதுதானே? இவ்வளவு அழுகிறவள் இதற்காகவே நாளைக்குத் திரும்பி வந்துவிட மாட்டாளா? வண்டி புறப்பட்டது. நல்லம்மாள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, ரோட்டு வளைவு மறைக்கும்வரை தோட்டத்தையே பார்த்துக்கொண்டு போனாள். இருளாயிக்கு அழுகை வரவில்லை. பெரிய கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்ட சந்தோஷம்தான் வந்தது.

நாளைக்கு அக்கா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இருளாயி மூக்கனைத் துணியில் சுற்றி மறைத்துக்கொண்டு ரோட்டு முனையில் போய் உட்கார்ந்தாள். வருஷம் ஒன்று திரும்பின பிறகு, இந்தச் சாமானுக்கு ஆள் வராது என்பது அவளுக்கே புரிந்துவிட்டது. அன்றைக்குத்தான் அழுதாள். கேட்பதற்கு ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, ரப்பர் மரத்துக்கு நடுவே நின்று, வயிறு வலிக்கிறவரை அழுதாள்.

ஆத்தாளிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. தீபாவளி, பொங்கல் என்று நல்ல நாள் வந்தால் போதும், காளியம்மா ஆரம்பித்துவிடுவாள். "பாவம்டி, ஒரு துணிப் பொம்மைக்காக அழுதுகிட்டே போச்சு எம்புள்ள." அதைக் கேட்டதும் இருளாயி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்பன் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். 1918-இல் ஊர் உலகத்தையெல்லாம் வாரிக்கொண்டு போன பெரிய காய்ச்சலில் ஆத்தாளும் படுத்தாள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, "மூக்கன் கெடச்சுச்சாடி?" என்று கேட்டாள். இருளாயி "கெடைக்கும் ஆத்தா" என்றாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயசு, யானை அவள் தலைமாட்டுத் துணிக்குள்ளேயே இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாமே, பாவி! காட்டவில்லை. அன்று சாயங்காலம் காளியம்மா போய்விட்டாள். சாவுச் செய்தியைக் கங்காணி மூலம் பாகான் டத்தோவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

அந்த மாசமே அவளை மாயாண்டிக்குக் கட்டிவைத்தார்கள். பத்துமலை என்று ஒரு பையன் பிறந்தான். அவன் பொம்மை கேட்டு அழுதபோது, மரக் குதிரை செய்து கொடுத்தாளே தவிர யானையைக் கொடுக்கவில்லை. அது அவளுடையதல்லவே. உடையவளுக்குப் போய்ச் சேர வேண்டியது. வருஷத்துக்கு ஒரு தடவை இலவங்காய் வெடிக்கும் காலத்தில் பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சு திணிப்பாள். பூச்சி அரித்த இடத்தில் ஒட்டுப் போடுவாள். ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, ஆத்தாளின் கண்டாங்கிச் சேலையில் மிச்சம் இருந்தது மூக்கும் ஒரு காதும்தான். தைக்கும்போது அதனோடு பேசுவாள். யார் காதிலாவது விழுந்தால் திட்டுகிற வாயா அது என்று ஆச்சரியப்படுவார்கள், அவ்வளவு மெதுவாகப் பேசுவாள்.

1926 கடைசியில் பெருவெள்ளம் வந்தது. ஆறு லயத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. மாயாண்டி மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு, "அரிசி மூட்டைய எடு புள்ள!" என்று கத்தினான். இருளாயி இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, மூடி இறுக்கியிருந்த பிஸ்கோத்துத் தகரத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அரிசி ஆற்றோடு போயிற்று.

"அதுல அப்படி என்னாதான்டி இருக்கு?" என்று மேட்டில் ஏறின பிறகு மாயாண்டி கேட்டான். எட்டு வருஷத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"எங்கக்கா சாமான்" என்றாள். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை.

அதற்கு ஏழெட்டு மாசம் கழித்து, தோட்டத்துக்குத் துணி விற்க வரும் ஷரபுதீன் பாய், லயத்து வாசலில் மூட்டையை இறக்கினார். சைக்கிளில் சுற்றாத ஊர் இல்லை அவருக்கு. இந்தத் தடவை பாகான் டத்தோ பக்கம் போய்விட்டு வந்தாராம். இருளாயி சீட்டித் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, எத்தனையோ பேரிடம் கேட்டுச் சலித்த கேள்வியைக் கேட்டுவைத்தாள்.

"அங்க நல்லம்மாள்னு யாரையாச்சும் பாத்தீங்களா பாய்? பழனியப்பன் சம்சாரம்."

"பாத்தேன்லா தங்கச்சி! அந்தப் புருஷன்காரன் தென்ன மரத்துலேருந்து விழுந்து, பாவம், இடுப்பே போச்சு. பெரிய சூசா, ரொம்பக் கஷ்டம். இனிமே வேலைக்கு ஆவாதுன்னு ஊருக்கே அனுப்புறாங்க. வர்ற வெள்ளிக்கிழம ஈப்போ வந்துருவாங்க. சிலிபின்ல ரயில்வே லயத்துல அர்ச்சுனன்னு சொந்தக்காரரு இருக்காராம், அங்க ரெண்டு நாளு. அப்பறம் பினாங்கு போயி கப்பலு."

இருளாயி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "எங்கக்கா பாய் அது. என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டுச்சா?"

ஷரபுதீன் யோசித்தார். நல்ல மனிதர், பொய் சொல்ல வரவில்லை. "பொறந்த வீடு கோலா கங்சார் பக்கம்னு சொல்லுச்சு. தங்கச்சி இருக்குன்னு சொல்லலியேம்மா."

அப்படியானால் அக்காவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று இருளாயி நினைத்தாள். பதினைந்து வருஷம்! அவளும் கப்பல் ஏறிவிட்டால் அப்புறம் ஏது அக்கா, ஏது மன்னிப்பு? கப்பல் ஏறுவதற்குள் மூக்கனை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். அடித்தால் அடிக்கட்டும், காறித் துப்பினால் துப்பட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே சன்னாசிக் கங்காணி முன்னால் போய் நின்றாள். கிழவருக்குக் கண் மங்கிவிட்டது, வழக்கம் மட்டும் மாறவில்லை. "போய்ட்டு வா. தோண்டிய வச்சிட்டுப் போ" என்றார்.

அப்பனின் அதே பித்தளைத் தோண்டியைக் கொண்டுவந்து டொம்மென்று வைத்தாள் இருளாயி. "இந்தாங்க, வச்சுக்கிட்டு அழுவுங்க! இந்தத் தோண்டிக்காவவா நான் திரும்பி வருவேன்? எம்புள்ள இங்க இருக்கான், அதுக்காவ வாரேன். சாமான வச்சுக்கிட்டா ஆளு வரும்னு யாருய்யா ஒங்களுக்குச் சொன்னது?"

ஒரு தோண்டிக்கு இவ்வளவு கோபமா என்று கங்காணிக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை முதல் ரயில். மடியில் பிஸ்கோத்துத் தகரம். ஈப்போவில் இறங்கி, விசாரித்து விசாரித்துச் சிலிபின் ரயில்வே லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கி அடுக்கிப் பார்த்தாள். ஊரையே வாயால் அடிக்கிறவளுக்கு இரண்டு வார்த்தை கோர்வையாக வரவில்லை.

அர்ச்சுனன் வீட்டுக்கு எதிரே பொதுக் குழாய். அங்கே ஒரு பெண் குந்தி உட்கார்ந்து சாம்பல் போட்டுப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆறு வயசில் ஒரு சின்னப் பெண் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தது. பாத்திரம் விளக்கினவள் நிமிர்ந்ததும் இருளாயிக்கு ஒரு கணம் திக்கென்றது. ஆத்தாளே உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள்.

"அக்கா."

"யாரும்மா?"

"நாந்தான். இருளாயி."

நல்லம்மாளின் கையிலிருந்த சட்டி அப்படியே நின்றது. "இம்புட்டுப் பெரிய ஆளா ஆயிட்டியா?" என்றாள். உடனே என்னவோ நினைத்துக்கொண்டவள்போல எழுந்து கையைக் கழுவினாள். "வா, உள்ள வந்து உக்காரு. வெயில்ல வந்துருக்க. தண்ணி குடிக்கிறியா?" என்று விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசினாள். கிட்டே வரவில்லை, கையைப் பிடிக்கவில்லை.

உள்ளே பழனியப்பன் பாயில் படுத்திருந்தான். இருளாயி வாசலிலேயே உட்கார்ந்து, தண்ணீரைக்கூடத் தொடாமல், தகரத்தைத் திறந்து மூக்கனை எடுத்து நீட்டினாள்.

நல்லம்மாள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னாடி இது? பன்னிக்குட்டியா? எம்மவளுக்கா?"

"யானக்கா! மூக்கன்!"

நல்லம்மாளுக்கு இன்னும் பிடிபடவில்லை. விரல் அந்தத் தடித்த மூக்கைத் தடவிக்கொண்டே வந்து ஓரத்துத் துணியில் நின்றது. "ஆத்தா சேல" என்றாள் மெதுவாக. "ஆமா, ஆமா. ஆத்தா ஒண்ணு தச்சுக் குடுத்துச்சுல்ல? நாம சோறு ஊட்டுவோமே! இத இன்னுமாடி வச்சிருக்க?"

இருளாயி உடைந்தாள். கோர்வையாவது ஒன்றாவது! எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. மூட்டையிலிருந்து உருவினது, விறகுக்குப் பின்னால் ஒளிந்தது, சாமான் இருந்தால் ஆள் வந்துவிடும் என்று நம்பினது, ரோட்டு முனையில் காத்திருந்தது. "நீ அப்படிக் கதறி அழுதியேக்கா, நான் பாத்துக்கிட்டே இருந்தேங்க்கா. அப்பக்கூடக் குடுக்கல. பதினஞ்சு வருசமா நீ அந்தக் கோவத்துலதான் ஒரு வார்த்த சொல்லி அனுப்பலன்னு எனக்குத் தெரியும். என்னைய ரெண்டு அடி அடிச்சுட்டாச்சும் கப்பல் ஏறுக்கா."

நல்லம்மாள் மூக்கனை மடியில் வைத்தாள்.

"நீ அங்கதான் இருந்தியா?" என்றாள்.

"அங்கதாங்க்கா. பொகைக் கொட்டகைக்குப் பின்னாலதான்."

"அடிப்பாவி! நான் எதுக்குடி பொம்மைக்கு அழுவுறேன்? பதினாலு வயசுல கழுத்துல தாலியோட பொம்மைக்கா அழுவாங்க? ஒன்னையத்தான்டி தேடுனேன்! நீ வழியனுப்ப வரலியேன்னு மொதல்ல மெதுவாத்தான் கேட்டேன். 'சின்னப்புள்ள எங்கயாச்சும் வெளையாடும், நீ வண்டியில ஏறு'ன்னுட்டாங்க. ஆளக் காணோம்னா அந்தத் தோட்டத்துல எவன் தேடுனான்? சாமானக் காணோம்னாத்தான் தேடுவாங்க. அதான் மூக்கனக் காணோம்னு ஊளையிட்டேன். மூக்கன் எங்க இருக்கோ அங்க நீ இருப்பன்னு எனக்குத் தெரியாதா? தேடுனா ஒன்னையக் கண்டுபுடிச்சுக் கொண்டாருவாங்கன்னு பாத்தேன். வரலியே! அக்கா மேல என்னா கோவமோ, மொகத்துலகூட முழிக்க மாட்டேங்குதுன்னு நெனச்சுக்கிட்டேதான்டி போனேன். அப்பறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டு ஒனக்குச் சொல்லி அனுப்புறது?"

இருளாயியின் அவ்வளவு பெரிய வாய்க்கு அன்றைக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. நல்லம்மாள்தான் நகர்ந்து வந்து, சாம்பல் கையோடு அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுத அழுகையில் உள்ளே படுத்திருந்த பழனியப்பன் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து கூப்பிட்டான்.

"ஒண்ணுமில்ல, சும்மா இருங்க" என்று நல்லம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "எந்தங்கச்சி வந்துருக்கு."

அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது அக்காவின் மடியில் மூக்கன் இல்லை. இருளாயி திரும்பினாள். குழாயடியில் நல்லம்மாளின் மகள் நவமணி, யானையைத் தண்ணீருக்கு அடியில் பிடித்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. இலவம் பஞ்சு தொப்பலாக நனைந்து, பழைய தையல் ஒன்று விட்டு, உள்ளேயிருந்து பஞ்சு பிதுங்கியது.

"அடியே! ஐயோ, விடுடி அத!" என்று இருளாயி அலறிக்கொண்டு எழுந்தாள். வெள்ளத்தில்கூட நனையவிடாத யானை!

நல்லம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "விடு, குளிக்கட்டும். ஒனக்கு அது வேணுமா, நான் வேணுமா? நாளைக்கு ரயிலு. உக்காரு இப்பிடி."

இருளாயி குழாயடியைப் பார்த்தாள். நவமணி மூக்கனின் காதைப் பிழிந்து, முகத்துக்கு நேரே தூக்கி, "அழுவாத, அழுவாத, முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. சரி போ என்று இருளாயி உட்கார்ந்தாள். அக்காவின் கை அவள் கையை விடவில்லை.

"ஆத்தா செத்துப்போச்சுன்னு மட்டுந்தான் எனக்குச் சேதி வந்துச்சு" என்றாள் நல்லம்மாள். "எப்படிச் செத்துச்சு? யாரு பக்கத்துல இருந்தா? ஒண்ணு விடாமச் சொல்லு."

"நாந்தாங்க்கா இருந்தேன்" என்று இருளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.